சிந்தசைசரில் மெலோட்ரான் புல்லாங்குழல்

1960-களின் சைக்கடெலிக் பதிவுகளில் தள்ளாடி ஒலிக்கும் புல்லாங்குழல் பெரும்பாலும் ஒலிநாடாவில் இயங்கும் கீபோர்டான மெலோட்ரானுடையது. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் தனி நாடா. சுமார் 8 விநாடியில் நாடா தீர்ந்து ஒலி சட்டென நின்றுவிடும். எனவே சிந்தசைசரில் அதே ஒலி வர, புல்லாங்குழல் சாம்பிளை (பதிவு செய்த ஒலித்துணுக்கை) எடுத்ததும் முதலில் லூப்பை, அதாவது ஒலி திரும்பத் திரும்ப ஓடுவதை, அணையுங்கள். வெலாசிட்டியும் வேண்டாம், எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான் வரவேண்டும். அட்டாக் (ஒலி முழு அளவுக்கு எழும் நேரம்) 20 மில்லிவிநாடி, லோ-பாஸ் ஃபில்டர் (உயர் அதிர்வெண்களைக் குறைப்பது) 6 கிலோஹெர்ட்ஸ், வெளியீடு மோனோ.

சுருதி அசைவுக்கு எல்எஃப்ஓ (சுருதியை மெதுவாக ஆட்டும் அலை) 0.7 ஹெர்ட்ஸ், ஆழம் 5 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஐந்து). பலருக்கும் பிசகுவது இங்கேதான். எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே எல்எஃப்ஓ ஓடினால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) மொத்தமாக ஆடும், சாதாரண வைப்ராட்டோ போலக் கேட்கும். ஒவ்வொரு வாய்ஸுக்கும் (ஒலிக்கும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும்) தனி எல்எஃப்ஓ வையுங்கள், கட்டையை அழுத்தும்போதெல்லாம் எல்எஃப்ஓவை முதலிலிருந்து தொடங்கவைக்கும் கீ-சிங்கை அணையுங்கள். அப்போதுதான் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று லேசாக உரசும். அந்த உரசல்தான் இந்த ஒலியின் உயிர். ரிவெர்ப் (எதிரொலி போன்ற நீட்சி) கடைசியில், கொஞ்சமாக.