மெதுவாகிப்போன கணினி: பாகம் மாற்றுவதா, புதிதாக வாங்குவதா?

ரேம் கூட்டினால் வேகம் கூடும் என்று கேள்விப்பட்டு, 4 ஜிபி இருந்த இடத்தில் 8 ஜிபி போட்டாயிற்று. கணினி முன்பு மாதிரியே ஊர்கிறது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முட்டுக்கட்டை ஹார்டு டிஸ்க்கில் இருந்திருக்கும். பாகம் மாற்றுவதா, கணினியையே மாற்றுவதா என்று யோசிப்பதற்கு முன், எது இழுத்துப் பிடிக்கிறது என்று பார்த்தாக வேண்டும். இதற்குக் காசு வேண்டாம், அரை மணி நேரம் போதும்.

முதலில் அளவெடுங்கள்

கணினியை ஆன் செய்து 15 நிமிடம் சும்மா விடுங்கள். ஆரம்பத்தில் அப்டேட், வைரஸ் ஸ்கேன் எல்லாம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது எடுக்கும் அளவை நம்ப முடியாது. பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தை ஓரமாக வைத்துக்கொண்டு அன்றாட வேலையைச் செய்யுங்கள்: வழக்கமாகத் திறக்கும் அத்தனை டேப், ஒரு வீடியோ, ஒரு பெரிய ஃபைல். கணினி திணறும் அந்த நொடியில் எந்தக் கோடு உச்சியைத் தொடுகிறது என்று பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு 1 அல்லது 2 எம்பிதான் என்றால், ஹார்டு டிஸ்க்தான் குற்றவாளி. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க 11 மில்லிசெகண்ட் ஆகிறது. படிக்கும் முனை இடம் மாறுவதற்கும் நேரம் சேர்த்தால், நொடிக்குச் சிறு கோரிக்கைகள் நூறைத் தாண்டுவதே கஷ்டம். விண்டோஸ் துவங்கும்போதோ, பிரவுசர் திறக்கும்போதோ கேட்பதெல்லாம் இப்படிச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத்தான். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடக்கூடிய எஸ்எஸ்டியில் (சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) சுழலும் தட்டு கிடையாது. அதே கோரிக்கைகளை நொடிக்குப் பல்லாயிரக் கணக்கில் முடித்துவிடும்.

மெமரி பக்கத்தில் 'கமிட்டெட்' என்று இரண்டு எண்கள் இருக்கும். மென்பொருள்கள் கேட்டிருக்கும் நினைவகமான முதல் எண் உங்கள் ரேம் அளவைவிட வெகுவாகக் கூடுதலாகவும், பயன்பாடு 90 சதவீதத்தைத் தாண்டியும் இருந்தால் ரேம் பற்றவில்லை. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ரேம் பற்றாதபோது விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதும், திரும்பப் படிக்கும். அதனால் டிஸ்க் கோடும் 100க்குப் போகும். இரண்டையும் சேர்த்தே படியுங்கள்: டிஸ்க் 100, ரேம் 50 என்றால் டிஸ்க் மட்டும்தான் பிரச்சினை, இரண்டுமே உச்சியில் என்றால் இரண்டும்.

ப்ராசசர் சதவீதம் ஏமாற்றும். நாலு கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) உள்ள ப்ராசசரில் 25 சதவீதம் என்பது, ஒரே ஒரு கோர் மூச்சு முட்ட ஓடுவதாகவும் இருக்கலாம். வரைபடத்தின் மேல் ரைட் க்ளிக் செய்து, ஒவ்வொரு லாஜிக்கல் ப்ராசசரையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். கீழே ஓடும் கிகாஹெர்ட்ஸ் எண்ணையும் கவனியுங்கள். சும்மா இருக்கும்போது 0.8க்கு இறங்குவது இயல்பு. வேலை நெருக்கும்போதும் அங்கேயே நின்றால் அது வயதினால் அல்ல. சூடு அல்லது சார்ஜர்.

செலவே இல்லாமல் தீரக்கூடியவை

எச்டபிள்யூ இன்ஃபோ போன்ற கருவியில் வெப்பநிலையைப் பாருங்கள். ப்ராசசர் 95 முதல் 100 டிகிரி செல்சியஸை எட்டினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்று வெளியேறும் தகட்டு வரிசையில் தூசி கம்பளி போல அடைந்திருப்பது வழக்கம். ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். சுழலவிட்டு ஊதினால் பேரிங் கெடும். ஐந்தாறு வருடத்துப் பழைய தெர்மல் பேஸ்ட் (ப்ராசசரின் சூட்டைக் கடத்தும் பசை) காய்ந்திருந்தால், ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். நிறைய வைத்தால் நன்றாகக் குளிரும் என்பது தவறு. இன்னொன்று, லேப்டாப்புக்கு உரிய வாட் இல்லாத சார்ஜரைச் செருகினால் சில மாடல்கள் வேகத்தை அடியோடு குறைத்துவிடும். புது லேப்டாப் தேடத் தொடங்கும் முன் சார்ஜரின் அடியில் உள்ள எண்களை ஒருமுறை படியுங்கள்.

டிஸ்க்கின் உடல்நிலையைக் க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும். ரீஅலோக்கேட்டட் செக்டர், கரன்ட் பெண்டிங் செக்டர், அன்கரெக்டபிள் செக்டர் ஆகிய மூன்றும் கெட்டுப்போன அல்லது படிக்க முடியாத துண்டுகளின் கணக்கு; அவற்றின் ரா (மூல) மதிப்பு சுழியமாக இருக்க வேண்டும். பெண்டிங் எண் நாளுக்கு நாள் ஏறினால் முதலில் பேக்கப் எடுங்கள், மற்றதை அப்புறம் யோசிக்கலாம். சிஆர்சி எரர் (தரவு வரும் வழியில் சிதைந்த கணக்கு) மட்டும் கூடினால் டிஸ்க்கைப் பழிக்க வேண்டாம், பெரும்பாலும் கேபிள்தான்.

பாகத்தால் தாண்ட முடியாத தடைகள்

அளவெடுத்ததும் கடைக்கு ஓட வேண்டாம். சில கணினிகளில் எதையும் மாற்ற இடமே இருக்காது. மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்ட்' என்பதும் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்பதும் ஒரு குறிப்பு தரும். உறுதி வேண்டுமானால் மாடல் எண்ணுக்கான சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். மலிவு லேப்டாப்புகளில் இருக்கும் 32, 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்புச் சிப்பும் பற்றவைத்ததுதான். தனியாக எம்.2 ஸ்லாட் (குச்சி வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இல்லாவிட்டால் அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. லேப்டாப் ப்ராசசரை மாற்றுவது இன்றைக்கு அநேகமாக நடவாத காரியம். ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில் ரேமைக் கூட்டவே முடியாது.

அடுத்த தடை இயங்குதளம். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி), செக்யூர் பூட்டுக்கு (நம்பகமான மென்பொருளை மட்டும் துவக்கும் வசதி) தகுதியான யூஇஎஃப்ஐ (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்), 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க் ஆகியவற்றோடு பட்டியலில் உள்ள ப்ராசசரும் வேண்டும். இன்டெலில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை முதல், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதல் என்று வைத்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலி ஒரே நிமிடத்தில் பதில் சொல்லிவிடும். டிபிஎம் இல்லை என்று அது சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். பயாஸில் (ஆன் செய்ததும் திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) அணைந்து கிடக்கலாம். இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால், பயாஸில் கைவைக்கும் முன் ரெக்கவரி கீயை வேறிடத்தில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கணினியே உங்களை உள்ளே விடாது.

தகுதியில்லாத கணினியிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றலாம் என்று சொல்வார்கள். ஏறும். ஆனால் தொடர்ந்து அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினிக்கு இதை நாங்கள் சொல்ல மாட்டோம். அந்த வயதுக் கணினிக்கு விண்டோஸுக்குப் பதிலாக இலகுவான இயங்குதளங்களான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ லுபுண்டுவோ நேர்மையான வழி. யூஎஸ்பியிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துகொண்ட பின் நிறுவுங்கள்.

எஸ்எஸ்டி மாற்றும்போது

ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் ஓடும் கணினிக்கு ஒரே ஒரு பாகம்தான் வாங்க முடியும் என்றால் அது எஸ்எஸ்டியாக இருக்கட்டும். ஹார்டு டிஸ்க்குகளின் இணைப்பு முறையான சாட்டாவில் வரும் 2.5 அங்குல வகை பெரும்பாலான பழைய லேப்டாப்பிலும் டெஸ்க்டாப்பிலும் பொருந்தும். இது 7 மில்லிமீட்டர் தடிமன். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டராக இருந்தால் இடைவெளிக்கு ஒரு ஸ்பேசர் வைக்க வேண்டியிருக்கும். நொடிக்கு 3 கிகாபிட் மட்டுமே தரும் பழைய சாட்டா போர்ட்டாக இருந்தாலும் தயங்க வேண்டாம். உச்ச வேகம் பாதியாகும். சிறு கோரிக்கைகளில் கிடைக்கும் விரைவு குறையாது, கைக்குத் தெரிவதும் அந்த விரைவுதான்.

எம்.2 வாங்கினால் கவனம் தேவை. 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். இதே வடிவத்தில் சாட்டாவும் உண்டு, அதைவிட வேகமான இணைப்பு முறையான என்விஎம்இயும் உண்டு. ஸ்லாட்டில் உட்கார்ந்துவிட்டது என்பதற்காக வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. கையேட்டில் அந்த ஸ்லாட் எதை ஏற்கிறது என்று பாருங்கள். ரொம்பப் பழைய மதர்போர்டுகளில் என்விஎம்இ டிஸ்க் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அதிலிருந்து கணினி பூட் ஆகாது (துவங்காது). சில டெஸ்க்டாப் போர்டுகளில் எம்.2 செருகியதும் ஒரு சாட்டா போர்ட் அணைந்துவிடும். பழைய டிஸ்க் திடீரென்று காணாமல் போனால் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

புதிதாக விண்டோஸ் நிறுவுவதுதான் சுத்தம்; வருடக்கணக்கில் சேர்ந்த குப்பையும் ஒழியும். மென்பொருள்களை மறுபடி நிறுவ முடியாத நிலை என்றால் க்ளோன் செய்யுங்கள், அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுங்கள். பேக்கப் எடுத்த பிறகு, எஸ்எஸ்டியை யூஎஸ்பி அடாப்டரில் மாட்டிக் க்ளோன் செய்து, கணினியை அணைத்து, டிஸ்க்கை மாற்றுங்கள். முதல் பூட்டின்போது எஸ்எஸ்டி மட்டுமே இணைந்திருக்கட்டும். இரண்டும் இருந்தால் விண்டோஸ் பழைய டிஸ்க்கிலிருந்தே கிளம்பி, மாற்றியும் வேகம் வரவில்லையே என்று உங்களைக் குழப்பும். இந்த வேலைக்கு நடுவில் பயாஸில் டிஸ்க் இணைப்பு முறை ஐடிஇ அல்லது ரெய்டு என்றிருப்பதை ஏஎச்சிஐ என்று மாற்றிவிடாதீர்கள். நீலத் திரை வரும். மாற்றத்தான் வேண்டுமென்றால், அடுத்த பூட் சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலை) நடக்கும்படி முன்கூட்டியே அமைத்துவிட்டு, பிறகு மாற்றுங்கள்.

எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பினால் அதுவும் மந்தமாகும். 15 சதவீதமாவது காலியாக விடுங்கள்.

ரேம்

ரேமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று ஏறாது. டிடிஆர்3இல் மட்டும் கூடுதல் தொல்லை. 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் மட்டும்தான் சில லேப்டாப்புகளுக்கு ஒத்துவரும், 1.5 வோல்ட் ரகத்தைப் போட்டால் திரையே வராது. லேப்டாப்புக்குக் குட்டையான எஸ்ஓ-டிம் குச்சி, டெஸ்க்டாப்புக்கு நீளமான டிம். மதர்போர்டு ஏற்கும் உச்ச அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண், முதலில் 64 பிட்டுக்கு மாற வேண்டும்.

ஒரே 8 ஜிபி குச்சி இருக்கும் கணினியில், இரண்டாவது ஸ்லாட்டில் இன்னொரு 8 போட்டால் இரட்டைச் சேனலும் (இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வழி) கிடைக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அங்கே கிராஃபிக்ஸும் இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது.

பொருத்தும்போது சார்ஜரைக் கழற்றி, முடிந்தால் பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்துங்கள். எஸ்ஓ-டிம்மைச் சாய்வாகச் செருகி, இரு பக்கக் கொக்கியும் 'க்ளிக்' ஆகும்வரை கீழே அழுத்த வேண்டும். திரை வராவிட்டால் பத்தில் ஒன்பது முறை அரைகுறையாக உட்கார்ந்ததுதான் காரணம். டிடிஆர்5 முதல் பூட்டில் சில நிமிடம் கருந்திரையிலேயே நிற்கும், அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

கணக்குப் போடும் விதம்

தேவைப்படும் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்: எஸ்எஸ்டி, ரேம், பேட்டரி, உடைந்த கீல், தேய்ந்த கீபோர்டு, பழுது பார்ப்பவருக்குக் கொடுக்கும் கூலி. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்னத் தொகையாகத்தான் தெரியும். மொத்தம், அதே திறனுள்ள நல்ல நிலையிலிருக்கும் பழைய கணினியின் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடலாம். பேட்டரி உப்பியிருந்தால் கணக்குக்கே இடமில்லை. இன்றே அணைத்து, அதைக் கழற்றி எடுக்க வையுங்கள்.

வாங்கும் பாகம் நாளைக்கு எங்கே போகும் என்பதும் கணக்கில் சேரும். சாட்டா எஸ்எஸ்டியை ஒரு யூஎஸ்பி உறையில் போட்டால் வெளி டிஸ்க்காகப் பல வருடம் உழைக்கும். டிடிஆர்3 ரேம் அந்தக் கணினியோடு முடிந்தது. ஆகவே தடுமாற்றம் இருந்தால் எஸ்எஸ்டியை மட்டும் வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ரேமை அதன் பிறகு முடிவு செய்யலாம்.

ஏற்கெனவே எஸ்எஸ்டி இருக்கிறது, ரேமும் மிச்சம், சூடும் இல்லை, ஆனாலும் ப்ராசசர் கோர்கள் எல்லாம் உச்சியில் என்றால் கணினியை மாற்றுங்கள். டெஸ்க்டாப்பில் மட்டும் விதிவிலக்கு உண்டு. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (ப்ராசசர் உட்காரும் இடம்) உள்ள போர்டுகள் பலவற்றில் பயாஸை அப்டேட் செய்தால் பிந்திய தலைமுறை ரைசன் ஏறும். பழைய ப்ராசசரைக் கழற்றுவதற்கு முன் அப்டேட்டை முடித்துவிட வேண்டும்.

புதிது வாங்கினால் 16 ஜிபி ரேம், 512 ஜிபி என்விஎம்இ என்பதற்குக் கீழே போகாதீர்கள். காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். ரேம் பற்றவைத்ததாக இருந்தால் இன்றைக்கு வாங்கும் அளவுதான் கடைசிவரை.

பழைய டிஸ்க்கைக் கைமாற்றும் முன் அழிக்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் ஒருமுறை முழுக்க மேலெழுதினால் போதும். எஸ்எஸ்டிக்கு மேலெழுதுவது நம்பகமான வழியில்லை, ஒதுக்கிவைத்த பகுதிகளில் பழைய தரவு தங்கிவிடும். தயாரிப்பாளரின் கருவியிலோ பயாஸிலோ உள்ள முழுதாக அழிக்கும் செக்யூர் இரேஸ் வசதியைப் பயன்படுத்துங்கள்.