அடர்முடி நாய்க்கு உண்ணி மருந்து: முடியில் விடாதீர்கள், தோலில் விடுங்கள்

எங்கள் சீனி பொமரேனியன் கலப்பு. அடர்ந்த முடியும் சின்ன உடம்பும் அம்மாவுடையவை. நீண்ட காலும் விடைத்த காதும் மதுரைத் தெருநாயான அப்பாவுடையவை. தடுப்பூசி, குடற்புழு மாத்திரை பற்றியெல்லாம் உங்கள் மருத்துவரே சொல்லியிருப்பார். அதனால் நேராக உண்ணிக்கு வருகிறேன். நான் இடறி விழுந்த இடம் அதுதான்.

போன சித்திரைத் திருவிழா சமயத்தில் சீனி திடீரென்று சாப்பாட்டைத் தொடவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது. ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. உண்ணி கடித்துத் தொற்றும் உண்ணிக் காய்ச்சல். 28 நாள் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்துத் தேற்றினோம். உண்ணி வராமலிருக்க முதுகுத் தோலில் விடும் சொட்டு மருந்தை மாதம் தவறாமல் விட்டும் இது எப்படி வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. எப்படி விட்டீர்கள் என்று மருத்துவர் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

1. எடை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறுங்கள், அப்புறம் நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துவிடுங்கள். சீனி 6.4 கிலோ. உண்ணியைக் கொல்லும் ஃபிப்ரோனில் கலந்த சொட்டு மருந்தில் 10 கிலோ வரையுள்ள நாய்க்கு 0.67 மி.லி. குழாய், அதற்கு மேல் 20 கிலோ வரை அதைப் போல் இரு மடங்கு. பெரிய குழாயை வாங்கிப் பாதி பாதியாக விடும் கணக்கு வேண்டவே வேண்டாம்.

2. உண்ணியைத் தேடுங்கள். காது மடலின் உள்பக்கம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், வாலடி. கண்ணை நம்பாமல் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ரத்தம் குடித்த பெண் உண்ணி ஆமணக்குக் கொட்டை மாதிரி சாம்பல் நிறத்தில் உப்பியிருக்கும். குஞ்சு உண்ணி எள்ளைவிடச் சின்னது, கைக்கே தட்டுப்படாது. அதற்கு நெருக்கமான பல் உள்ள இரும்புச் சீப்புதான் சரி. மெத்தென்ற பிரஷ் மேல்முடியை மட்டும்தான் சீவும்.

3. பிடுங்குங்கள். இடுக்கியை விட எனக்குப் பிடித்தது உண்ணி எடுக்கும் பிளாஸ்டிக் கொக்கி. பக்கவாட்டில் தோலை ஒட்டி நுழைத்து, மெதுவாகச் சுழற்றினால் வாயோடு கழன்று வந்துவிடும். இடுக்கிதான் இருக்கிறது என்றால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், திருகாதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, ஊதுபத்தியால் சுடுவது இரண்டும் கூடாது. நகத்தில் வைத்து நசுக்கவும் கூடாது. மூடியுள்ள குப்பியில் ஸ்பிரிட் ஊற்றி, அதில் போட்டுவிடுங்கள்.

4. மருந்து விடுங்கள். நான் தப்பு செய்தது இங்கேதான். பொமரேனியன் கலப்புக்கு இரட்டை முடி: மேலே நீண்ட முடி, அடியில் பஞ்சு போன்ற முடி. மேல்முடியை மட்டும் ஒதுக்கிவிட்டு மருந்தை விட்டிருக்கிறேன். அது முழுக்கப் பஞ்சுமுடியில் ஊறி நின்றுவிட்டது, தோலுக்குப் போகவே இல்லை. தோலில் பட்டு, அங்குள்ள எண்ணெயோடு பரவினால்தான் அந்த மருந்து உடம்பு முழுக்க வேலை செய்யும்.

இப்போது நான் செய்வது இதுதான். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், நாக்கு எட்டாத இடத்தில், சீப்பின் முனையால் தலைக்கு வகிடு எடுப்பது போல் எடுக்கிறேன். வெளிர் ரோஜா நிறத்தில் தோல் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் பஞ்சுமுடி மறைக்கிறது என்று அர்த்தம். இன்னொருவர் முடியை இருபுறமும் பிடித்துக்கொள்ள, குழாயின் மூக்கைத் தோலிலேயே வைத்துப் பிதுக்குகிறேன். தேய்ப்பதில்லை. விடுவதற்கு இரண்டு நாள் முன்பும் பின்பும் குளியல் கிடையாது. குளிப்பாட்டிய ஈரம் காய்ந்ததும் மருந்து விடுவதும் என் பழக்கமாக இருந்தது, அதையும் நிறுத்திவிட்டேன்.

வெயிலுக்கும் உண்ணிக்கும் சேர்த்து மொட்டையடித்துவிடலாமா என்று தோன்றும். இரட்டை முடி நாய்க்கு அது வேண்டாம். வெயில் நேராகத் தோலில் இறங்கும், முடியும் சில சமயம் பழையபடி வளராது.

5. வீட்டைப் பாருங்கள். நம்மூர் நாய் உண்ணி தன் ஒவ்வொரு வளர்ச்சிப் பருவத்திலும் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே இறங்கிவிடும். கடைசியில் சுவர் விரிசலில் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சீனி படுக்கும் மூலையில் கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பார்த்தேன், வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தோம். சாக்கு, விரிப்பு எல்லாவற்றையும் கொதிநீரில் அலசி மொட்டை மாடியில் காயப்போட்டோம். இதை வாரம் ஒருமுறை, மூன்று மாதமாவது விடாமல் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் இரண்டு விஷயம் கேட்டார்கள். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கலக்கிக் குளிப்பாட்டலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது, ஐந்தாறு கிலோ உடம்பில் அளவு கொஞ்சம் பிசகினாலும் உயிருக்கே ஆபத்து. இன்னொருவர் வீட்டில் பூனையும் இருக்கிறதாம். அப்படியானால் நாய் மருந்தின் அட்டையில் பெர்மெத்ரின் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நாய்க்கு ஒத்துக்கொள்ளும், பூனைக்கு அது விஷம். மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலே போதும். ஃபிப்ரோனிலாக இருந்தாலும், காயும்வரை இரண்டையும் தனித்தனி அறையில் வையுங்கள்.