எச்.ஐ.வி. உள்ள பிள்ளையைக் கவனிப்பதில் நேரும் தவறுகள்

பிறப்பிலேயே எச்.ஐ.வி. தொற்று வந்த குழந்தைகள் இன்று கல்லூரிக்கும் வேலைக்கும் போகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் வைரஸைக் கட்டுப்படுத்தி வைக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து. அந்த மருந்தைப் பிள்ளை விடாமல் சாப்பிடுவதும் விட்டுவிடுவதும் பெரும்பாலும் வீட்டில்தான் முடிவாகிறது. அங்கே நடக்கும் தவறுகள் பலவும் பாசத்தில் செய்பவை.

இதில் பெரியது, சொல்லாமல் மறைப்பது. "ரத்தத்துல சத்து இல்ல, அதுக்குத்தான் மாத்திரை" என்று ஆறு வயதில் சொன்னதையே பதினாலு வயதிலும் சொல்கிறார்கள். டப்பாவில் இருக்கும் பெயரை போனில் தட்டிப் பார்க்க ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நேரமாகும்? பள்ளி வயதிலேயே சொல்லிவிட வேண்டும், சிறு வயதில் வயதுக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அம்மாவின் தயக்கம் புரிகிறது. "எனக்கு எப்படி வந்துச்சு?" என்ற கேள்வி அவரிடம்தான் வந்து நிற்கும். சிகிச்சை மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பேசலாம். சொல்லி முடித்ததும் "இனி இதைப் பத்திப் பேசாதே" என்று வாயை அடைத்துவிட்டால் சொன்னதற்கே பலன் இல்லை.

அடுத்தது போலீஸ் வேலை. தினமும் "போட்டியா, போட்டியா" என்று விசாரித்தால், போடாத நாளிலும் "போட்டேன்" என்று சொல்லப் பிள்ளை பழகிக்கொள்ளும். திட்டு விழாது என்று தெரிந்தால்தான் உண்மை வெளியே வரும். ஒரு வேளை விட்டுப்போனால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் போட்டால் போதும், இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. வைரஸ் அளவு ஒரு மில்லி ரத்தத்தில் 1000 பிரதிகளைத் தாண்டியதும் "ஏமாத்திட்டே" என்று பாய்வதும் தவறு. மருந்துக்கு வைரஸ் எதிர்ப்புப் பெற்றிருக்கலாம். டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைச் சாப்பிடும் பிள்ளைக்கு, வெறும் வயிற்றில் கூடவே கொடுத்த இரும்புச்சத்து அல்லது கால்சியம் மாத்திரை அந்த மருந்தை உடலில் சேரவிடாமல் தடுத்திருக்கலாம். (சத்து மாத்திரையைப் பற்றி யாரும் டாக்டரிடம் சொல்வதே இல்லை!)

தனித் தட்டு, தனிப் படுக்கை எல்லாம் வேண்டவே வேண்டாம். சேர்ந்து சாப்பிடுவதால், கட்டிப்பிடிப்பதால், ஒரே கழிப்பறையால் தொற்று வராது.

காதல், கல்யாணம் என்றதும் பெரியவர்கள் ஒன்று பேச்சை மாற்றுகிறார்கள், இல்லையென்றால் "உனக்கு அதெல்லாம் கிடையாது" என்று முடித்துவிடுகிறார்கள். மருந்தை ஒழுங்காக எடுத்து, பரிசோதனையில் வைரஸ் தென்படாத நிலையில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து பாலுறவு வழியே துணைக்குத் தொற்று பரவாது. சிகிச்சையோடு தொற்றில்லாத குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம். மாத்திரை மீது சலிப்பு வரும் வயதில் தெரிய வேண்டிய விஷயம் இதுதான். மற்ற பால்வினை நோய்களுக்கும் கர்ப்பத் தடுப்புக்கும் ஆணுறை வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஊரார் செய்யும் தவறு வேறு மாதிரி. "நல்லதுக்குத்தானே" என்று பிள்ளையைக் கேட்காமல் ஆசிரியரிடமோ சித்தியிடமோ சொல்லிவிடுவார்கள். எச்.ஐ.வி. திட்டத்தின் பெயர் எழுதிய வண்டியை வாசலில் நிறுத்தும் களப்பணியாளர் வாயே திறக்க வேண்டியதில்லை, தெருவே புரிந்துகொள்ளும். எங்கே, எப்போது சந்திப்பது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.

சக வயதினரின் துணையைப் பலரும் ஒப்புக்குத்தான் வைத்திருக்கிறார்கள். ஜிம்பாப்வேயில் ஸ்வாந்திரி திட்டம், எச்.ஐ.வி.யுடன் வாழும் 18 முதல் 24 வயதினருக்குப் பயிற்சி தந்து, தொற்றுள்ள இளைய பிள்ளைகளைப் போய்ப் பார்க்க வைக்கிறது. 2020இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் வைரஸ் கட்டுப்படாமல் போனவர்களும் இறந்தவர்களும் சேர்த்து வழக்கமான சிகிச்சையில் 36 சதவீதம், இந்தத் துணை இருந்தவர்களில் 25 சதவீதம். ஆனால் அந்த இளைஞர்களும் நோயாளிகளே. பயிற்சியும் செலவுக்குப் படியும் தராமல், மனம் தளரும்போது பேச ஆளும் இல்லாமல் வேலை வாங்குவது அநியாயம். மேடையேற்றிக் கதை சொல்ல வைப்பதும் அப்படித்தான்.

கடைசியாக, பதினெட்டு ஆனதும் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து பெரியவர்கள் பிரிவுக்கு அனுப்பிவிடுவது. பலர் சிகிச்சையை விட்டு நழுவுவது இந்த இடத்தில்தான். சில வருடம் முன்பே டாக்டரிடம் தனியாகப் பேசப் பழக்குங்கள். தன் மருந்தின் பெயர், கடைசியாகப் பார்த்த வைரஸ் அளவு, அடுத்து வர வேண்டிய தேதி மூன்றும் அம்மாவைக் கேட்காமல் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். புதிய பிரிவுக்கு முதல் முறை போகும்போது பழைய கவுன்சிலரோ சக தோழரோ கூடப் போகட்டும்.