டம்பில் முகவரி சரி, இடம்தான் வேறு

கொழிஞ்சாம்பாறை வீட்டிலிருந்தே மெயின்பிரேம் டம்ப் (பெருங்கணினி நினைவகத்தின் நகல்) பார்க்கும் எனக்கு ஒரு முகவரி நாள்கணக்கில் தண்ணீர் காட்டியது. டம்பை அலசும் கருவியான ஐபிசிஎஸ்ஸில் லிஸ்ட் கட்டளை கொடுத்தால் வேறு ஏதோ நிரலின் தரவு வந்தது. டம்ப் சிதைந்திருக்கும் என்று மறுபடி தருவித்தேன், அதேதான். தரவு எடுக்கும் மூலம் 'ஆக்டிவ்' என்றிருந்தால் ஓடும் கணினியின் நினைவகத்தையல்லவா காட்டும் என்று இயல்பமைவுகளுக்கான செட்டெஃப் கட்டளையில் பார்த்தேன். டம்ப் கோப்பின் பெயர் சரியாகவே இருந்தது. முகவரிக்குப் பின் வைக்கும் புள்ளியும் விடுபடவில்லை.

பிறகுதான் வெளியீட்டின் தலைப்பு வரி கண்ணில் பட்டது: ஏஎஸ்ஐடி, அதாவது நிரல் ஓடும் முகவரி வெளியின் எண், 0036. கொச்சி நண்பர் எழுதிவைத்த குறிப்பிலோ 54. அது பதினறும (16-அடி) எண். வெறுமனே ஏஎஸ்ஐடி(54) என்றால் ஐபிசிஎஸ் தசமமாக எடுத்துக்கொள்ளும். தசம 54 பதினறுமத்தில் 36. முகவரிக்குப் பதினறுமம், இதற்கு மட்டும் தசமம், என்ன நியாயமோ! ஏஎஸ்ஐடி(எக்ஸ்'54') என்று கொடுத்ததும் தேடிய தொகுதி வந்து நின்றது.