ஐபேடா, ஆண்ட்ராய்டு டேபா, லேப்டாப்பா: நம்ம வேலைய வெச்சே முடிவு பண்றது எப்படி

"எது நல்லது"ன்னு பொதுவா கேட்டா பதிலே கிடைக்காது, ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. "எங்க வீட்டுல நடக்குற வேலைக்கு எது"ன்னு கேட்டா ஒரு சாயங்காலத்துலயே முடிவுக்கு வந்துடலாம். கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்க வீட்டுக்கு நான் பண்ணது இதுதான். மனைவி வீட்டுலேருந்தே சில கடைகளுக்கு கணக்கு எழுதுறாங்க, மச்சினன் திருப்பாதிரிப்புலியூர்ல டிடிபி கடை வெச்சிருக்கான், பொண்ணு பிளஸ் ஒன், அப்பாவுக்கு பேப்பரும் வீடியோ காலும். நாலு பேருக்கும் நாலு தேவை.

ரேம்னா என்ன, ஸ்டோரேஜ்னா என்னன்னு இங்க சொல்லப்போறதில்ல, அது எல்லா இடத்துலயும் கிடைக்குது. நேரா வேலைக்கு வந்துடறேன்.

படி 1: வேலைய எழுதுங்க, பொருள எழுதாதீங்க

ஒரு பேப்பர் எடுத்து வீட்டுல ஒவ்வொருத்தரும் என்ன பண்றாங்கன்னு எழுதுங்க. "ஆபீஸ் வேலை"ன்னு மொட்டையா எழுதினா பிரயோஜனம் இல்ல. "மாசாமாசம் 20ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர் 3பி (மாசாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போடணும்", "கிளையண்ட் அனுப்புற எக்செல்ல மேக்ரோ (வேலைய தானா பண்ற சின்ன புரோகிராம்) இருக்கு, அத ஓட்டணும்", "பழைய பத்திரத்த திறந்து ரெண்டு வரி மாத்தி பிரிண்ட் எடுக்கணும்", இப்படி எழுதுங்க. கடைக்குப் போயி நின்னுட்டு யோசிச்சா இதெல்லாம் ஞாபகம் வராது.

படி 2: அசைக்க முடியாத வேலைக்கு வட்டம் போடுங்க

மெயில், யூடியூப், ஜூம், பிடிஎஃப் படிக்கறது எல்லாம் எதுல வேணும்னாலும் நடக்கும். அதையெல்லாம் அடிச்சுடுங்க. மிச்சம் இருக்கறதுல ஒரே ஒரு பிளாட்ஃபார்ம்ல மட்டும் நடக்கறது எதுன்னு பாருங்க, முடிவ அதுதான் எடுக்கும்.

கணக்கு எழுதற டேலி விண்டோஸுக்குன்னே எழுதின சாஃப்ட்வேர். ஐபேட்லயோ குரோம்புக்லயோ (கூகுளோட குரோம் ஓஎஸ்ல ஓடுற லேப்டாப்) நேரா இன்ஸ்டால் பண்ண முடியாது. எக்செல் மேக்ரோ ஐபேட் எக்செல்ல ஓடாது, ஆண்ட்ராய்டுலயும் ஓடாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், அந்த பென் டிரைவ் மாதிரி இருக்கறது, அதுக்கு டிரைவரும் கையெழுத்து போடற சாஃப்ட்வேரும் கம்ப்யூட்டர்ல போட்டாதான் வேலை செய்யும். தனி உரிமையாளர் கடைன்னா ஜிஎஸ்டி தளத்துல ஓடிபி வெச்சே ரிட்டர்ன் முடிச்சுடலாம், அதுக்கு டேப்ல இருக்குற பிரவுசரே போதும். ஆனா கம்பெனி, எல்எல்பின்னா டோக்கன் கட்டாயம். எங்க வீட்டம்மாவுக்கு ஒரே ஒரு பிரைவேட் லிமிடெட் கிளையண்ட், மத்த எல்லாம் சின்ன கடைங்க. அந்த ஒரு கிளையண்டுக்காகவே அவங்களுக்கு விண்டோஸ் லேப்டாப்னு முடிவாச்சு, வேற பேச்சுக்கே இடமில்ல.

ஆப்பிளோட மேக் மேல ஆசை இருந்தா, டோக்கன் குடுத்தவங்ககிட்ட மேக் டிரைவர் இருக்கான்னு மொதல்ல கேட்டுடுங்க. 2020 கடைசில ஆப்பிளோட எம்1 சிப் வந்ததுலேருந்து மேக்புக் ஏர்ல பேட்டரியும் வேகமும் அருமை, எனக்கே ரொம்ப புடிக்கும், ஆனா டேலிக்காக மேக் வாங்கி அதுக்குள்ள விண்டோஸ ஓட்டறதுக்கு நேரா விண்டோஸே வாங்கலாம்ங்கறது என் கருத்து.

படி 3: தமிழ் ஃபைல திறந்து பாருங்க (இங்கதான் நிதானமா படிக்கணும்)

மச்சினன் ஒரு நாள் வந்து, "மாமா, கடையில இருக்குற கம்ப்யூட்டர் பெட்டிய தூக்கிட்டு ஐபேடும் கீபோர்டும் வெச்சுக்கலாம்னு இருக்கேன், மேஜையும் காலியாகும், கரண்ட் போனாலும் கவலையில்ல"ன்னான். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. "சரி மாப்ள, உன் கடையில அதிகமா திறக்குற ஃபைல் ஒண்ணு அனுப்பு"ன்னு வாங்கி, தெரிஞ்சவர் ஐபேட்ல திறந்தோம். பத்திரம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியீடுமா கொட்டிக் கிடந்துச்சு, ஒரு வார்த்த தமிழ் இல்ல.

காரணம் என்னன்னா அது வானவில் ஃபாண்ட்ல அடிச்ச ஃபைல். வானவில், பாமினி மாதிரி பழைய ஃபாண்டுங்க ஆங்கில எழுத்தோட எண்ணுலயே தமிழ் வடிவத்த உட்கார வெச்சிருக்கும். ஃபாண்ட் இருக்குற மிஷின்ல தமிழா தெரியும், இல்லாத மிஷின்ல உள்ள இருக்குற ஆங்கில எழுத்து வெளிய வந்துடும். தமிழ்நாடு அரசு 2010லயே யூனிகோட (எந்த மிஷின்லயும் தமிழ் தமிழாவே தெரியற பொது முறை) ஏத்துக்கிச்சு, ஆனா கடைங்கள்ல இருக்குற பழைய ஃபைலுங்க அப்படியேதான் இருக்கு. ஐபேட்ல தனியா ஃபாண்ட் ஏத்தறதுக்கு வழி இருக்கு, ஆனா ஏத்தினாலும் படிக்கத்தான் முடியும், அதே என்கோடிங்ல (எழுத்துக்கு எண் குடுக்குற முறை) அடிக்கணும்னா அதுக்கான கீபோர்டு சாஃப்ட்வேர் வேணும், அது விண்டோஸ்ல. நான் இன்னிக்கும் என்ஹெச்எம் ரைட்டர்தான் சொல்லுவேன், இலவசம், சின்ன சாஃப்ட்வேர், யூனிகோடும் அடிக்கலாம் பழைய என்கோடிங்கும் அடிக்கலாம்.

"அப்ப எல்லாத்தையும் யூனிகோடுக்கு மாத்திடலாமே"ன்னு தோணும். மாத்தலாம், கன்வர்ட்டர் நிறைய இருக்கு. ஆனா கன்வர்ட்டருக்கு எது தமிழ் எது ஆங்கிலம்னு தெரியாது, குடுத்த எல்லா எழுத்தையும் தமிழ்னு நெனச்சு மாத்தும். பத்திரத்துல சர்வே நம்பர் 45/2ஏ1னு இருக்கு, அந்த ஏ ஆங்கில எழுத்துல இருக்கும். மொத்தமா செலக்ட் பண்ணி கன்வர்ட் பண்ணா அந்த ஒரு எழுத்து வேற ஏதோ தமிழ் எழுத்தா மாறிடும். பக்கம் முழுக்க அழகா தமிழ் வந்திருக்கறதால கண்ணுக்கே தெரியாது, பத்திரத்துல அது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லவே வேணாம். அதனால:

- ஃபைல்ல ஆங்கிலத்துல இருக்குற இடத்தையெல்லாம் மொதல்லயே கலர் போட்டு வெச்சுக்குங்க (சர்வே நம்பர், பான், மெயில், இன்ஷியல்).
- பாரா பாராவா மாத்துங்க, கலர் போட்ட இடத்த விட்டுடுங்க.
- பழைய பிரிண்ட கையில வெச்சுக்கிட்டு ஒருத்தர் படிக்க ஒருத்தர் சரிபாக்கணும்.
- டேபிள் கலைஞ்சுடும், அத மறுபடி போடத்தான் வேணும்.

மச்சினன் இப்ப புது வேலைய எல்லாம் யூனிகோட்லயே அடிக்கிறான், பழசுக்கு விண்டோஸ் பெட்டி அப்படியே இருக்கு.

தமிழ் அடிக்கறதையும் இங்கயே பாத்துடுங்க. ஐபேட்ல, மேக்ல ஆப்பிளே அஞ்சல் (ஆங்கில எழுத்தோட ஒலிய வெச்சு அடிக்கறது), தமிழ்99 (கீல நேரா தமிழ் எழுத்தே இருக்கறது) ரெண்டு லேஅவுட்டும் குடுக்குது. விண்டோஸ்ல விண்டோஸ் கீயோட ஸ்பேஸ் பார் தட்டினா மொழி மாறும். குரோம்புக்லயும் தமிழ்99 இருக்கு. ஆண்ட்ராய்டு டேப்ல கூகுளோட ஜிபோர்டு கீபோர்டு திரையில அருமையா வேலை செய்யும், ஆனா புளூடூத் கீபோர்டு சேத்தா தங்கிலீஷ்ல அடிச்சு தமிழாக்கற வசதி அதே மாதிரி வரும்னு நம்பிடாதீங்க, கடையிலயே கீபோர்டு சேத்து நாலு வரி அடிச்சுப் பாத்துட்டு காசு குடுங்க.

படி 4: ஸ்கிரீன் அளவும் ஆபீஸ் ஆப்பும்

இது பல பேருக்கு தெரியாது. வேர்ட், எக்செல் மொபைல் ஆப்ல 10.1 இன்ச் வரைக்கும் இருக்குற ஸ்கிரீன்லதான் காசு கட்டாம எடிட் பண்ணலாம். அதுக்கு மேல போனா படிக்கலாம், எடிட் பண்ண மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கட்டணும். இப்ப வர்ற 11 இன்ச் ஐபேட், பெரிய ஆண்ட்ராய்டு டேப் எல்லாம் அந்த கணக்குல வந்துடும். சந்தாவ வருஷா வருஷம் விலையில சேத்துப் பாருங்க. கூகுள் டாக்ஸ் போதும்னா இந்த பிரச்சனையே இல்ல, பொண்ணுக்கு நான் அதத்தான் போட்டுக் குடுத்திருக்கேன்.

படி 5: யார் யார் தொடப்போறாங்க

வீட்டுக்குன்னா இது முக்கியம். ஐபேட்ல தனித்தனி யூசர் கிடையாது, பள்ளி, கம்பெனி மாதிரி மொத்தமா நிர்வாகம் பண்றவங்களுக்குத்தான் அந்த வசதி. ஆண்ட்ராய்டு டேப் பலதுல தனி புரொஃபைல் போடலாம், அப்பாவோட வாட்ஸ்அப் வேற, பொண்ணோட கிளாஸ் வேற. பொது டேபா ஹால்ல கிடக்கப்போகுதுன்னா நான் ஆண்ட்ராய்டுதான் சொல்லுவேன். ஒரே ஆள் கையில இருக்கும், படம் வரையணும், பென்சில் வேணும், பல வருஷம் அப்டேட் வரணும்னா ஐபேட்.

படி 6: நம்ம ஊரு காத்தும் கரண்டும்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தப்ப புதுச்சேரில ஒரே நாள்ல கிட்டத்தட்ட 50 செ.மீ. மழை. அந்த மாதிரி நேரத்துல கரண்டும் இருக்காது நெட்டும் இருக்காது. எல்லா ஃபைலும் நெட்டுலயே இருக்குற மாதிரி வெச்சுக்கிட்டா குரோம்புக் கையில இருந்தும் ஒண்ணும் ஓடாது, முன்னாடியே ஆஃப்லைன் வசதிய ஆன் பண்ணி வைக்கணும். 10,000 எம்ஏஹெச் பவர் பேங்குல ஏறக்குறைய 37 வாட் ஹவர் இருக்கும், 11 இன்ச் ஐபேட் பேட்டரி 30 வாக்குல, ஏத்தும்போது கொஞ்சம் வீணாகும்ங்கறதால ஒரு தடவ பெரும்பகுதி ஏறிடும். லேப்டாப்புக்கு 45 அல்லது 65 வாட் பிடி (பவர் டெலிவரி) வசதி இருக்குற பவர் பேங்க் வேணும், லேப்டாப்பும் யூஎஸ்பி டைப்-சி போர்ட்ல சார்ஜ் ஏத்துக்கணும். வாங்கும்போது இத கேளுங்க, வட்ட பின் சார்ஜர் மட்டும் இருக்குற லேப்டாப்ப நான் இனிமே வாங்க மாட்டேன். பீச்சுக்குப் பக்கம் வீடுன்னா உப்புக்காத்துக்கு போர்ட்ட மூடி வெக்கற உறை போடுங்க.

படி 7: வீட்டுல இருக்குற பழைய லேப்டாப்

விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புக்கான சிப்) வேணும், இன்டெல்னா பொதுவா எட்டாவது தலைமுறைலேருந்துதான் போகும். பிசி ஹெல்த் செக்னு மைக்ரோசாஃப்டோட ஆப் இருக்கு, அத ஓட்டினா ஆகுமா ஆகாதான்னு சொல்லிடும். ஆகலன்னா தூக்கிப் போடாதீங்க, லினக்ஸ் மின்ட்னு இலவச ஓஎஸ் ஒண்ணு இருக்கு, அத போட்டு பிரவுசிங்குக்கு வெச்சுக்கலாம்.

பின்னாடி சேத்தது

டேலிய வெளிய இருந்து டேப்ல பாக்க முடியுமான்னு நிறைய பேர் கேட்டீங்க. முடியும். வீட்டு விண்டோஸ் லேப்டாப்ப ஆன்ல வெச்சுட்டு டேப்லேருந்து ரிமோட்டா புடிக்கலாம். ஆனா விண்டோஸ் ஹோம் எடிஷன்ல மைக்ரோசாஃப்ட் ரிமோட் டெஸ்க்டாப் வழியா உள்ள வர முடியாது, அதுக்கு புரோ வேணும். ஹோம்னா குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போடுங்க, காசு இல்ல.

ஐபேட்ல வாட்ஸ்அப் இல்லன்னு முன்னாடி எழுதியிருந்தேன், 2025 மே மாசம் தனி ஆப் வந்துடுச்சு.

வில்லியனூர்லேருந்து ஒருத்தர் பழைய யூஎஸ்பி லேசர் பிரிண்டர் ஐபேட்ல வரலன்னு சொன்னார். ஐபேடுக்கு ஏர்பிரிண்ட் (ஆப்பிளோட பிரிண்ட் வசதி) இருக்குற பிரிண்டர் வேணும், வெறும் ஒயர் பிரிண்டர்னா பிடிஎஃப்பா லேப்டாப்புக்கு அனுப்பித்தான் எடுக்கணும்.

இன்னொருத்தர் ஸ்னாப்டிராகன் சிப் (இன்டெல் இல்ல, ஆர்ம் வகை சிப்) போட்ட விண்டோஸ் லேப்டாப் வாங்கலாமான்னு கேட்டார். பேட்டரி நல்லா நிக்கும், சாதாரண சாஃப்ட்வேர் பெரும்பாலும் ஓடிடும். ஆனா டிரைவர் மட்டும் அந்த சிப்புக்குன்னே எழுதியிருக்கணும், பழைய டிரைவர் ஏறாது. உங்க டோக்கனையும் பிரிண்டர் மாடல் நம்பரையும் எடுத்துட்டுப் போயி, ரெண்டுக்கும் ஆர்ம் டிரைவர் இருக்கான்னு அந்தந்த கம்பெனி சைட்ல பாத்துட்டு அப்புறம் பில் போடச் சொல்லுங்க.