‘காப்பீடு இருக்கா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் மருத்துவக் காப்பீடு, ஆஸ்பத்திரி அனுபவம் பற்றி சர்வே எடுக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நானும் வினாத்தாளோடு தெருத்தெருவாக அலைந்தவன்தான், அப்போது செய்த தப்புகள் இன்னும் உறுத்துகின்றன.

தங்கச்சிமடத்தில் ஒரு வீடு. கடல்பாசி எடுத்துவிட்டு வந்த அக்கா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, விரல்களில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். “மருத்துவக் காப்பீடு இருக்காக்கா?” என்றேன். “அதெல்லாம் இல்ல தம்பி.” ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டேன். அப்புறம் வீட்டில் எத்தனை பேர் என்று பார்க்க ரேஷன் கார்டைக் கேட்டபோது, அதே பிளாஸ்டிக் கவருக்குள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இருந்தது. “இதுவா? இது ஆபரேசன் கார்டுல்ல!” என்றார். அதற்கு முன் போன எல்லா வீட்டுக்கும் மறுபடி போக வேண்டியதாயிற்று. அதனால் ‘காப்பீடு’ என்ற சொல்லை நம்பாதீர்கள். அட்டையின் படத்தைக் காட்டி, ஊரில் அதற்கு என்ன பெயரோ அதைச் சொல்லிக் கேளுங்கள்.

அட்டை இருந்துவிட்டால் எல்லாம் சரி என்று எழுதுவதும் தப்புதான். அந்தத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, ஆனால் அது பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானது, வெளியே கிளினிக்கில் காட்டி வாங்கும் சுகர் மாத்திரைக்கு வராது. கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது அட்டையைக் காட்டினீர்களா, எடுத்துக்கொண்டார்களா, கையிலிருந்து எவ்வளவு போனது என்று தனித்தனியாகக் கேளுங்கள். செலவு என்றால் மருந்து பில் மட்டும் இல்லை. ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு 110 கிலோமீட்டருக்கு மேல், அந்த வண்டி வாடகை, கூடப் போனவரின் கூலி, சாப்பாடு எல்லாம் செலவுதான்.

வார்டுக்குள் நின்று, நர்ஸ் காதுபட “எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்?” என்று கேட்டால் “நல்லா பாத்தாங்க” என்பதைத் தவிர என்ன சொல்வார்கள்? நாளைக்கும் அதே கட்டிலில்தானே படுக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு போய்க் கேளுங்கள். அங்கேயும் “டாக்டரும் நர்ஸும் நன்றாகப் பேசினார்களா?” என்று இரண்டு பேரை ஒரே கேள்வியில் கட்டாதீர்கள், ஒருவர் பேசியிருப்பார், இன்னொருவர் எரிந்து விழுந்திருப்பார்.

பகல் பதினோரு மணிக்குப் போனால் யார் இருப்பார்கள் என்றும் யோசியுங்கள். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும், மறுநாள் காலையில்தான் திரும்பும். ஆண்கள் கடலில், பெண்கள் பாசிக்கு என்று போயிருக்கும்போது வீட்டில் இருக்கிற வயதானவர் சொல்வதையே ஊர்க்கருத்தாக எழுதிவிடுவோம்.

“ஒரு வருடத்தில் எத்தனை தடவை ஆஸ்பத்திரியில் சேர்ந்தீர்கள்?” என்றால் தேதி யாருக்கும் நினைவில் நிற்காது. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றில்கூட ஆஸ்பத்திரியில் சேர்ந்ததற்குக் கடந்த 365 நாள், மற்ற நோய்க்குக் கடந்த 15 நாள் என்று கணக்கைப் பிரித்துத்தான் கேட்டார்கள். நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். “தடைக்காலத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்றால் உடனே பதில் வரும்.

எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். தேசிய குடும்பநல ஆய்வு 2019-21இல் வரும் 41 சதவீதம், நாட்டில் ஒருவருக்காவது காப்பீடு உள்ள வீடுகளின் கணக்கு. அதை ‘41 சதவீத மக்கள்’ என்று மாற்றி எழுதிவிடாதீர்கள்.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது, ஆஸ்பத்திரிக்கே போகாதவர்களை விட்டுவிடுவது. மண்டபத்தில் ஒரு அம்மா மாதக்கணக்கில் நெஞ்சு வலியோடு இருந்தார். ஏன் போகவில்லை என்றதற்கு, “மதுரைக்குப் போன்னு எழுதிக் குடுப்பாக, கூட வர யாரு இருக்கா?” என்றார். என் வினாத்தாளில் அதற்கு இடமே இல்லை, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.