கிளம்ப மறுத்த நைட்ரோ கார்: என் அனுபவம்

கிருஷ்ணகிரியில் ஐப்பசி மழை முழுவதும் பெட்டிக்குள் கிடந்த என் நைட்ரோ ரிமோட் காரை (நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் சிறிய மாதிரிக் கார்) மார்கழியில் வெளியே எடுத்தபோது, கயிற்றை எத்தனை முறை இழுத்தும் எஞ்சின் கிளம்பவில்லை. எரிபொருள் அளவை மாற்றும் கார்புரேட்டர் ஊசியைத் திருகத் துடித்த கையை அடக்கிக்கொண்டு, முதலில் எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைக் கழற்றி, அதை மின்சாரத்தால் சூடாக்கும் இக்னைட்டரில் பொருத்திப் பார்த்தேன். பிளக்கிலுள்ள பிளாட்டினம் கலந்த கம்பிச்சுருள் பளிச்சென்று ஒளிராமல், ஓரத்தில் மட்டும் மங்கலாகச் சிவந்தது. புதிய பிளக்கைப் போட்டதும் எஞ்சின் பற்றியது; ஆனால் இக்னைட்டரை எடுத்தவுடன் நின்றுவிட்டது.

அப்போதுதான் எரிபொருள்மேல் சந்தேகம் வந்தது. நைட்ரோ எரிபொருளின் பெரும்பகுதியான மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நானோ பாதி காலியான கேனை, மூடியைச் சரியாக இறுக்காமல், மழைக்காலம் முழுவதும் சன்னலோரத்தில் வைத்திருந்தேன். பிரிக்காத கேனிலிருந்து டேங்கை நிரப்பி, புகைபோக்கியின் வாயை விரலால் அடைத்து மெதுவாகக் கயிற்றை இழுத்து, எரிபொருள் குழாய் வழியாகக் கார்புரேட்டர் வரை ஏறுவதைக் கண்ணால் பார்த்ததும் விரலை எடுத்தேன். இதில் அவசரம் கூடாது. அளவு மீறினால் சிலிண்டரில் எரிபொருள் தேங்கிக் கயிறு இறுகிவிடும், பலவந்தமாக இழுத்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளையும். மூன்றாவது இழுப்பில் கிளம்பிய எஞ்சின், இக்னைட்டரை எடுத்த பிறகும் சீராக ஓடியது.

இப்போது கேனை இறுக மூடி, வெயிலும் நெருப்பும் அண்டாத அலமாரியில் பூட்டி வைக்கிறேன், ஏனெனில் மெத்தனால் கொடிய நஞ்சு, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சம் எரிந்து தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு, பிளக் துளையில், எஞ்சினின் உட்புறம் துருப்பிடிக்காமல் காக்கும் ஆஃப்டர் ரன் ஆயில் சில சொட்டுகள் விடுகிறேன்.